அயலவன் மொழியைப் படிக்கச் சொன்ன ஆசிரியர்: ஹண்டி பேரின்பநாயகம்

வெள்ளவத்தையில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அயல் வீட்டிலே சிங்களக் குடும்பம் ஒன்று இருப்பது புதுமையன்று. காலி வீதிக் கடைகளிலும், பஸ்ஸிலும், மீன் சந்தையிலும் நாள்தோறும் இரண்டொரு சிங்கள வார்த்தை பேசி நம் அலுவலை முடித்துக்கொள்கிறோம். கொட்டாஞ்சேனையிலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே பீடத்தில் ஒரு வேளை சிங்களத்திலும் மறு வேளை தமிழிலும் திருப்பலி நடைபெறுகிறது. ஒரு கூட்டம் வாசலால் வெளியேற, மறு கூட்டம் உள்ளே நுழைகிறது. இடையில் ஒரு புன்னகை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள். அயல் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், அந்த வீட்டாருக்கு ஆறுதலாக அவர்களுடைய மொழியில் ஐந்து நிமிடம் பேச உங்கள் மகனால் முடியுமா? அவ்வாறே உங்கள் துக்கத்தில் பங்குகொள்ள அயல் வீட்டுப் பிள்ளையால் தமிழில் பேச முடியுமா? கடையில் பேசும் மொழி வேறு, கண்ணீரைத் துடைக்கும் மொழி வேறு அல்லவா?

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்வியை நம் நாட்டின் முன் வைத்த பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் இருந்தார். சிங்களவரும் தமிழரும் சமாதானமாய் வாழும் வழி வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறது என்று அவர் நம்பினார். பிள்ளைகள் இரு மொழியும் கற்க வேண்டும், இரு பகுதி மக்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வர வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். அவர்தாம் திரு. ஹண்டி பேரின்பநாயகம். அவருடைய வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் வென்ற இடமும் உண்டு, தோற்ற இடமும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடமாகும்.

மானிப்பாய்ச் சிறுவன்

பேரின்பநாயகம் 1899 ஆம் ஆண்டு மார்ச் மாதம் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே பிறந்தார். மானிப்பாய் அமெரிக்க மிஷனரிமார் காலூன்றிய ஊர். அங்கேதான் வைத்தியர் சாமுவேல் கிறீன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மொழியிலே மாணவர்களுக்குக் கற்பித்தார். தாய்மொழியிலே எந்தக் கலையையும் கற்பிக்கலாம் என்பதற்கு வாழும் சாட்சியாய் நின்ற ஊரில் நம் பேரின்பநாயகம் பிறந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த அவர், வட்டுக்கோட்டையிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரியிலே கல்வி பயின்றார். பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். மாணவரும் நண்பரும் அவரை ஹண்டி மாஸ்ரர் என்றே அழைத்தனர். ஆங்கிலம் நன்கு கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையோ சட்டத் தொழிலையோ நாடி ஓடிய காலம் அது. கொழும்பிலே ஒரு லிகிதர் வேலை கிடைத்தாற் போதும், சீதனமும் மதிப்பும் தாமாக வந்து சேரும். இந்த இளைஞரோ கரும்பலகையின் முன்னே நின்றார்.

மாணவர் காங்கிரஸ்

1920களில் யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளத்தில் ஒரு கொந்தளிப்பு இருந்தது. பாக்குநீரிணைக்கு அப்பால் மகாத்மா காந்தியடிகள் நடத்திய அறப்போர் பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. இங்கோ வெள்ளையர் ஆட்சியில் படித்தவர்கள் சட்டசபை ஆசனங்களை இனவாரியாகப் பங்கு போடுவதிலே முனைந்திருந்தனர். இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919 ஆம் ஆண்டிலே சிங்களவரும் தமிழரும் சேர்ந்து அமைத்த இயக்கம். அதன் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், கொழும்பிலே தமிழருக்கென ஓர் ஆசனம் தருவது பற்றிய பிணக்கினால் அவர் அதைவிட்டு விலகிப் போனார். மூத்தோர் பிரிந்தனர்.

மூத்தோர் பிரிந்த இடத்தில் இளையோர் சேர முடியாதா? இந்த எண்ணத்தோடு பேரின்பநாயகமும் அவர் தோழர்களும் 1924 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸைத் தோற்றுவித்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து றிட்ஜ்வே மண்டபத்திலே முதல் மாநாடு கூடியது. யாழ்ப்பாணக் கல்லூரியின் மூத்த ஆசிரியரும், பிற்காலத்தில் பத்துப்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவருமான திரு. ஜே. வி. செல்லையா தலைமை வகித்தார். இந்த அமைப்பே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது.

காங்கிரஸ் என்றதும் வாக்குக் கேட்டு வீட்டுக்கு வீடு வரும் கட்சி என்று எண்ணிவிடாதீர்கள். இதில் இருந்தவர்களிற் பெரும்பாலோர் இளம் ஆசிரியர்களும் மாணவர்களுமே. பிற்காலத்தில் ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபராகப் புகழ்பெற்ற ஒறேற்றர் சுப்பிரமணியம், பெயர்பெற்ற நியாயவாதியாகவும் செனற்றராகவும் விளங்கிய திரு. எஸ். நடேசன், கல்வியாளர் திரு. கே. நேசையா ஆகியோர் அவர்களுட் சிலர். சைவரும் கிறிஸ்தவரும் இங்கே வேற்றுமையின்றி ஒன்றாயிருந்தனர்.

அவர்கள் வகுத்த இலட்சியங்களைப் பாருங்கள். நாடு முழு விடுதலை பெற வேண்டும். இன பேதமும் சாதி பேதமும் ஒழிய வேண்டும். தாய்மொழியிலே கல்வி நடைபெற வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்க வேண்டும். இவ்வளவையும் எவரும் அவர்களை வற்புறுத்திச் சொல்லச் செய்யவில்லை. சிங்களம் படிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லாத நாளிலே, சிங்களம் படித்தால் உத்தியோகம் என்ற ஆசையும் இல்லாத நாளிலே, அயலவனை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக யாழ்ப்பாணத்து இளைஞர் இதைக் கேட்டனர். அவர்களுடைய தூண்டுதலால் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சிலவற்றில் சிங்களம் ஒரு பாடமாகவும் நுழைந்தது.

முதலில் நம் வீட்டுக் குப்பை

அயலவனோடு சமாதானம் பேசப் போகிறவன் முதலில் தன் வீட்டு முற்றத்தைக் கூட்ட வேண்டும் என்பதைப் பேரின்பநாயகமும் தோழர்களும் நன்கு உணர்ந்திருந்தனர். அந்நாளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில் இருந்துதான் படிக்க வேண்டும். பல பாடசாலைகளிலோ அவர்களுக்கு இடமே இல்லை.

இதற்கு எதிராக எழுந்த கோரிக்கையையே நம் முன்னோர் சமாசனம், சமபோசனம் என்றனர். ஒரே வாங்கில் இருத்தல், ஒரே பந்தியில் உண்ணல் என்பது அதன் பொருள். அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருத்தப்பட வேண்டும் என்று 1929, 1930 ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பணித்தபோது யாழ்ப்பாணம் கொதித்தெழுந்தது. சில பாடசாலைகளுக்கு நெருப்பும் வைக்கப்பட்டது. உயர்சாதியினர் எனப்பட்டோரிடமிருந்து பெரும் எதிர்ப்பு வந்த அந்நேரத்தில், அதே சமூகத்திற் பிறந்த வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள் சமாசனத்தின் பக்கம் உறுதியாய் நின்றனர். உற்றாரும் ஊராரும் முகம் சுளித்தனர். அவர்கள் பின்வாங்கவில்லை.

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சிங்களவன் நம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்று கேட்கிறவன், தன் ஊரிலுள்ள ஏழையைச் சமமாக நடத்தத் தவறினால், அவன் கேட்பது நீதியன்று, வெறும் பங்கு. பேரின்பநாயகம் கேட்டது நீதி.

விருந்தினரை அழைத்த யாழ்ப்பாணம்

வாலிபர் காங்கிரஸின் ஆண்டு மாநாடுகள் யாழ்ப்பாணத்தில் ஒரு திருவிழாப்போல நடந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்க எவரெவரை அழைத்தார்கள் என்று கவனியுங்கள். ஒரு மாநாட்டுக்குக் கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் திரு. பி. டி எஸ். குலரத்ன தலைமை வகித்தார். பௌத்தக் கல்விக்காக வாழ்ந்த சிங்களப் பெருமகன் ஒருவர், தமிழ் இளைஞர் மாநாட்டுத் தலைவராக யாழ்ப்பாணம் வந்தார். 1928 ஆம் ஆண்டிலே மட்டக்களப்பு மண் தந்த சுவாமி விபுலானந்தர் தலைமை தாங்கினார். 1931 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்தியாயா வந்தார். இவ்விதம் சிங்களவரும், கிழக்கு மாகாணத்தவரும், இந்தியரும், ஒரு பெண்மணியும் யாழ்ப்பாணத்து மேடையில் தலைவராக வீற்றிருந்தனர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1927 ஆம் ஆண்டு நவம்பரிலே மகாத்மா காந்தியடிகள் இலங்கை வந்தபோது அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்றவர்களும் இந்த இளைஞர்களே. ஏறத்தாழ மூன்று வாரம் நாடெங்கும் சுற்றிய அடிகள், நவம்பர் இறுதியிலே யாழ்ப்பாணத்திற் சில நாள் தங்கினார். கதர் நிதிக்கு மக்கள் பணம் வழங்கினர். தீண்டாமை ஒழிய வேண்டும் என்று அடிகள் அங்கும் எடுத்துரைத்தார். இருபத்தெட்டு வயது ஆசிரியர் ஒருவரும் அவருடைய தோழர்களும் முன்னின்று செய்த காரியம் இது.

இன்னொரு விருந்தினரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1926 ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டிலிருந்து திரும்பிச் சிறிது காலமேயான சிங்கள இளைஞர் ஒருவர், மாணவர் காங்கிரஸின் ஆதரவில் யாழ்ப்பாணத்திலே சொற்பொழிவாற்றினார். இலங்கைக்குப் பொருத்தமானது சமஷ்டி ஆட்சியே என்று அவர் வாதித்தார். அவர் பெயர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. அவரும் 1899 ஆம் ஆண்டிலே பிறந்தவர்; பேரின்பநாயகத்தின் சமவயதினர். ஒரே நாடு, ஒரே மக்கள் என்று கனவு கண்ட யாழ்ப்பாணத்து இளைஞரிடையே அந்த யோசனை அன்று எடுபடவில்லை. முப்பது ஆண்டு கழித்து, அதே பண்டாரநாயக்க பிரதம மந்திரியாகித் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதே காலத்திலே சமஷ்டி கேட்டுத் தமிழர் சத்தியாக்கிரகம் இருந்தனர். சரித்திரம் இரு பகுதியாரையும் எப்படி இடம் மாற்றி வைத்துவிட்டது பார்த்தீர்களா?

வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

பெரியோர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அவர்களுடைய வெற்றிகளை மட்டும் எழுதிவிட்டுப் போவதுண்டு. நாம் அப்படிச் செய்யப் போவதில்லை.

1931 ஆம் ஆண்டிலே டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவிலே இது பெரும் புதுமை. ஆனால் அத்திட்டம் முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை. ஆகவே வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி மக்களைக் கேட்டது. அதன் குரலுக்கு வடக்கு செவிசாய்த்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் போட்டியிடவில்லை. அரசாங்க சபையில் அந்த நான்கு ஆசனங்களும் 1934 ஆம் ஆண்டு வரை வெறுமையாய்க் கிடந்தன.

தெற்கும் தம்மைப் பின்பற்றும் என்று இளைஞர்கள் எதிர்பார்த்தனர். தெற்கிலே சிலர் பாராட்டினர். தேர்தல் மட்டும் வழக்கம்போல் நடந்தது. வடக்கின் குரல் இல்லாமலே சபை கூடியது, மந்திரிமார் தெரிவாயினர். பகிஷ்கரிப்பினால் நாம் பெற்றது என்ன என்று யாழ்ப்பாணத்தார் கேட்கத் தொடங்கினர். 1934 ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலே பருத்தித்துறையிலிருந்து தெரிவான திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் குரல் ஓங்கியது. 1936 ஆம் ஆண்டிலே மந்திரி சபை முழுவதும் சிங்களவர்களாகவே அமைக்கப்பட்டபோது, தமிழ் மக்களுடைய ஐயம் இன்னும் ஆழமாயிற்று. வாலிபர் காங்கிரஸின் செல்வாக்குச் சரிந்தது.

இதில் இளைஞர்களின் குற்றம் என்ன? அவர்களுடைய நோக்கம் தூயது. ஆனால் தெற்கிலுள்ள சிங்களக் கிராமத்தவரை அவர்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை. கொழும்பிலுள்ள ஆங்கிலம் படித்த நண்பர்களின் கைதட்டலை முழுத் தெற்கின் சம்மதம் என்று எண்ணிக்கொண்டனர். தலைவர்களும் அறிஞர்களும் போய்வந்தனர். வட்டுக்கோட்டை விவசாயியும் குருநாகல் விவசாயியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. போக்குவரத்து மேல்தட்டோடு நின்றுவிட்டால் அடித்தட்டிலே நம்பிக்கை வேர்விடாது. இந்தப் பாடத்தை அந்த நான்கு வெற்று ஆசனங்களும் நமக்குச் சொல்லித் தருகின்றன.

எதிர்நீச்சல்

பொன்னம்பலம் அவர்கள் ஐம்பதுக்கு ஐம்பது என்ற கோரிக்கையை முன்வைத்தபோது யாழ்ப்பாணம் அவர் பின்னே திரண்டது. வாலிபர் காங்கிரஸோ அதனை எதிர்த்து நின்றது. 1939 ஆம் ஆண்டிலே இனவாதமா தேசியமா என்ற பொருளில் ஒரு பிரசுரத்தை வெளியிட்டு, அவருடைய வாதங்களுக்குப் பதில் கூறியது. சொந்த மக்களின் பெரும்பான்மைக்கு எதிரே நின்று பேசுவது இலேசான காரியமன்று. அப்படிப் பேசுகிறவனுக்குத் துரோகி என்ற பட்டம் எக்காலத்திலும் தயாராய் இருக்கும்.

பொன்னம்பலத்தின் பயம் வெறும் கற்பனையல்ல என்பதைப் பின்வந்த காலம் காட்டியது என்று நீங்கள் சொல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் பேரின்பநாயகம் அந்தப் பயத்துக்கு வேறு மருந்து தேடினார். ஆசனங்களை எண்ணிப் பங்கிடுவதால் பயம் தீராது, இரு மக்களும் ஒருவர் பேச்சை ஒருவர் விளங்கிக்கொண்டாலே அது தீரும் என்பது அவர் கொள்கை.

1944 ஆம் ஆண்டிலே அக்கொள்கைக்கு ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தது. சிங்களத்தை அரச கரும மொழியாக்க வேண்டும் என்று திரு. ஜே. ஆர். ஜயவர்த்தன அரசாங்க சபையிலே பிரேரணை கொண்டுவந்தார். தமிழையும் அதனோடு சேர்க்க வேண்டும் என்று திரு. வி. நல்லையா திருத்தம் முன்மொழிந்தார். சபை அதனை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து இளைஞர் கேட்ட இரு மொழிக் கொள்கை அன்று நாட்டின் சபையிலே தீர்மானமாயிற்று. அது நிலைத்திருந்தால் நம் நாட்டின் கதை எவ்வளவோ வேறாயிருக்கும்.

அதிபர் நாற்காலியில்

பேரின்பநாயகம் பாராளுமன்றத்தில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அவருடைய இடம் பள்ளிக்கூடமே. 1949 ஆம் ஆண்டிலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்று, 1960 ஆம் ஆண்டு வரை அதனை வளர்த்தார். அமெரிக்க மிஷன் கல்லூரியிலே உருவான ஒருவரைச் சைவ மக்களின் கல்லூரி தன் தலைவராக ஏற்றுக்கொண்டது. அவரும் அதனைத் தம் வீடாகவே எண்ணி உழைத்தார். சமய பேதம் பாராட்டாத வாழ்க்கைக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுமா? ஆசிரியர் சங்கங்களிலும் அவர் குரல் மதிப்போடு கேட்கப்பட்டது. ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியிலே கல்வி நடைபெற வேண்டும் என்ற சுயபாஷை இயக்கத்தின் முன்னணியில் அவர் நின்றார்.

அரை மருந்து

இங்கேதான், வாசகர்களே, இந்த வாழ்க்கையின் மிக வேதனையான பகுதி வருகிறது. சற்று நின்று கவனியுங்கள்.

இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டிலே வந்தது. அதனையடுத்த ஆண்டுகளில் பாடசாலைகள் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. ஏழைப் பிள்ளையும் விஞ்ஞானமும் சரித்திரமும் தன் சொந்த மொழியிலே கற்க முடிந்தது. இது பேரின்பநாயகத்தின் தலைமுறை கண்ட கனவின் பலிதம். கோடீஸ்வரனுக்கு மட்டும் திறந்திருந்த கதவு கூலியாளின் மகனுக்கும் திறந்தது. இதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று தாய்மொழிக் கல்வி. மற்றொன்று அயலவன் மொழியையும் கட்டாயம் கற்றல். முதலாவது நிறைவேறியது. இரண்டாவது கைவிடப்பட்டது. அதன் விளைவு என்ன? முன்பு கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலம் கற்ற சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தனர். சுயபாஷை வந்த பின் ஒரே பாடசாலையிலும் சிங்கள வகுப்பு வேறு, தமிழ் வகுப்பு வேறு ஆயிற்று. பின்னர் பாடசாலைகளே வேறாயின. ஒருவர் மொழியை ஒருவர் அறியாத ஒரு முழுத் தலைமுறை வளர்ந்தது. சந்தேகம் விதைப்பதற்கு அதைவிடப் பண்பட்ட நிலம் வேறு கிடைக்குமா? இரண்டு மருந்தையும் கலந்து கொடுக்கச் சொன்ன வைத்தியரின் சொல்லைக் கேளாமல், ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு நோய் தீரவில்லை என்று அழுவது போலாயிற்று நம் கதை.

1956 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழர் தாக்கப்பட்டனர். இந்தச் சட்டம் வந்ததும், சிங்களம் கற்கச் சொன்ன யாழ்ப்பாணத்தார் குரல் மௌனமாயிற்று. அன்பினாலே கற்க முன்வந்த மொழியை அதிகாரத்தினாலே திணித்தபோது, மானமுள்ள மனிதன் புத்தகத்தை மூடிவிட்டான். 1958 ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்திலே வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் வாழ்ந்த தமிழர் அகதிகளாகி, கப்பலிலே காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். நம்முட் சிலருடைய பாட்டன் பாட்டிமார் அக்கப்பலிலே சென்றவர்கள். கொக்குவிலில் அதிபராயிருந்தவரின் உள்ளம் அன்று என்ன பாடு பட்டிருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மாலைப் பொழுது

1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. தமிழ் இளைஞர் மனம் கசந்தது. 1976 ஆம் ஆண்டு மே மாதம், பேரின்பநாயகம் ஒருகாலத்தில் ஒரே இலங்கை என்று மாணவர்களுக்குக் கனவூட்டிய அதே வட்டுக்கோட்டைப் பகுதியிலே, தனிநாடு கோரும் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. 1977 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே நாடெங்கும் மறுபடியும் கலவரம் மூண்டது. அதே ஆண்டு டிசம்பர் மாதத்திலே ஹண்டி பேரின்பநாயகம் தமது எழுபத்தெட்டாவது வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வெளிக்கண்ணால் பார்த்தால் அது தோல்வியடைந்த வாழ்க்கை. அவர் மறைந்த பின் நடந்தவற்றை நாம் அறிவோம். 1981 ஆம் ஆண்டிலே யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஆம் ஆண்டு ஜூலையிலே வெள்ளவத்தை வீதிகள் எரிந்தன. போர் 2009 ஆம் ஆண்டிலே முடியும் வரை எத்தனை உயிர்கள் பலியாயின! அவற்றிடையே, 1987 ஆம் ஆண்டிலே அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று கூறியது. 1924 ஆம் ஆண்டிலே இளம் ஆசிரியர்கள் கேட்டதை ஏட்டில் எழுதிக்கொள்ள நாட்டுக்கு அறுபத்துமூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று பாடசாலைப் பாடத்திட்டத்திலே இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடமாக இருக்கிறது. ஏட்டிலே இருக்கிறது, நாவிலே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்படிப்பட்ட காரியம் உலகில் எங்கும் நடவாதது என்று சொல்வதற்கில்லை. பிரான்சும் ஜெர்மனியும் எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை போர் புரிந்த நாடுகள். 1963 ஆம் ஆண்டிலே இரு நாடுகளும் நட்புறவு உடன்படிக்கை செய்தபோது, அதன் முதற்பயனாக இளைஞர் பரிமாற்றத்துக்கென ஒரு பொது அலுவலகத்தைத் திறந்தன. அன்றிலிருந்து இலட்சக்கணக்கான பிள்ளைகள் அடுத்த நாட்டுக்குச் சென்று, அங்குள்ள வீடுகளில் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் மேசையில் உண்டு திரும்பினர். தலைவர்கள் கைகுலுக்கிய பின் மக்களும் கைகுலுக்க வழி செய்தனர். யாழ்ப்பாணத்து இளைஞர் கேட்டதும் இதைப் போன்றதே. அவர்கள் முப்பத்தொன்பது ஆண்டுகள் முன்னதாகவே கேட்டார்கள்.

நமக்கு விட்டுச் சென்றது

அன்பார்ந்த வாசகர்களே, பேரின்பநாயகம் நமக்கு ஒரு கட்சியையோ சொத்தையோ விட்டுச் செல்லவில்லை. பாதி செய்து முடித்த ஒரு வேலையை விட்டுச் சென்றார். மற்றப் பாதி யார் கையில் இருக்கிறது? பாராளுமன்றத்தின் கையில் ஒரு பங்கு உண்டு. அதனை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அவர் வழி பார்த்தால், பெரும் பங்கு பெற்றோர் கையிலும் ஆசிரியர் கையிலும் இருக்கிறது.

உங்கள் மகள் இரண்டாம் மொழிப் பாடத்தைப் பரீட்சைக்கு வேண்டாத பாடம் என்று தள்ளிவைத்தால், அதைப் பார்த்துக்கொண்டிராதீர்கள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் தேடும் நாம், அயல் வீட்டு அம்மையாரிடம் வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையை அனுப்பினால் செலவில்லாமல் மொழி வரும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு நாமும் தமிழ் சொல்லிக் கொடுக்கலாம். விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகும்போது, மகனுடைய சிங்கள நண்பனையும் அவன் பெற்றோரின் சம்மதத்தோடு கூட்டிச் செல்லலாம். நம் பாட்டி கையால் ஒடியற் கூழ் குடித்த பிள்ளை, நாளை ஒரு பொய்ச் செய்தியைக் கேட்டு நமக்கு எதிரே கல்லெடுக்க மாட்டான். ஆலய வாசலிலே ஒரு கூட்டம் வெளியேற மறு கூட்டம் நுழையும் அந்த ஐந்து நிமிடத்தையும் வீணாக்காதீர்கள். நின்று, பெயர் கேட்டு, சுகம் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். சமாசனத்துக்காக உற்றாரைப் பகைத்தவர் அவர். நம் வீட்டில் வேலை செய்யும் பிள்ளை எங்கே இருந்து உண்கிறாள், திருமணப் பேச்சிலே சாதி எத்தனையாவது கேள்வியாக வருகிறது என்று நம்மை நாமே கேட்காமல், பிறர் நம்மைச் சமமாக நடத்தவில்லை என்று முறையிடுவது அழகன்று.

சமாதானம் செய்வோர் பேறுபெற்றோர் என்று நாம் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டோம். சமாதானத்தை விரும்புவோர் பலர். அதனைச் செய்வோர் சிலர். செய்வது என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவருக்கு, மானிப்பாயில் பிறந்த அந்த ஆசிரியரின் வாழ்க்கை ஒரு விடையைச் சொல்கிறது. இன்று இரவு உணவு முடிந்ததும், உங்கள் பிள்ளையின் புத்தகப் பையிலிருந்து சிங்களப் பாடப் புத்தகத்தை எடுத்து, முதற் பாடத்தை அவனோடு சேர்ந்து நீங்களும் வாசியுங்கள்.